கண்ணில் படாமல் ஓடிய பாட்: ஒரு கேம், ஒரு நிரலாளர், ஐந்து வருட இழுபறி

எந்த நிகழ்வு, ஏன் இது

ஆன்லைன் கேமில் கணக்கு பறிபோனவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். 'நான் ஒன்றுமே செய்யவில்லை, காரணம் சொல்லாமல் தூக்கிவிட்டார்கள்.' நிறுவனத்திடம் கேட்டால் 'விதிமீறல்' என்ற ஒற்றை வரிக்கு மேல் பதில் வராது. யார் எப்போது என்ன முடிவெடுத்தார், எதை நினைத்து எடுத்தார் என்று இரண்டு பக்கமும் தெரியவருவது அபூர்வம்.

பிளிஸார்ட் நிறுவனத்தின் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கேமுக்காக எழுதப்பட்ட கிளைடர் என்ற பாட், அதாவது ஆள் இல்லாமலே கேமைத் தானாக ஆடும் நிரல், அந்த அபூர்வங்களில் ஒன்று. விஷயம் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனதால், வழக்கமாக மூடிய அறைக்குள் நடப்பவை தீர்ப்பிலேயே தேதியோடு பதிவாகிவிட்டன. கிளைடரை எழுதியவரின் பெயர் பொதுப் பதிவில் இருந்தாலும் நமக்கு அது வேண்டாம். 'நிரலாளர்' என்றே சொல்கிறேன். அதேபோல 'பாட்' என்ற சொல்லோடு வேற்றுமை உருபைச் சேர்த்தால் தமிழில் அது பாடுகிற பாட்டாகிவிடும் என்பதால், முடிந்தவரை 'கிளைடர்' என்றே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு காலத்தில், வேறொரு கேமில், தூண்டில் போட்டு மீன் பிடிக்க ஒரு மேக்ரோவை ஓடவிட்டுச் சாப்பிடப் போனவன்தான். பிடிபடவில்லை. அதனால் கீழே வருவதை நீதிபதி இருக்கையில் உட்கார்ந்து எழுதவில்லை.

பின்னணி

இந்த கேம் 2004 நவம்பரில் வந்தது. அப்போது டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, அதற்கு மேல் மாதச் சந்தாவும் கட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் சந்தா ஏறக்குறைய 15 டாலர். உங்கள் பாத்திரம் முதல் லெவலில் பிறந்து அறுபதாவது லெவல் வரை ஏற வேண்டியிருந்தது. நாற்பது பேர் கூட்டாகப் போய் அடிக்கும் பெரிய சண்டையெல்லாம் அந்த உச்சிக்குப் பிறகுதான். அதுவரை என்ன வேலை? பன்றியை அடி, ஓநாயை அடி, அதன் பல்லைப் பொறுக்கு, கொண்டுபோய்க் கொடு, திரும்பி வா. வேலைக்குப் போய்விட்டு இரவில் இரண்டு மணி நேரம் உட்காருகிறவருக்கு இது மாதக்கணக்கில் இழுக்கும். கேமர்கள் இதற்கு வைத்த பெயர் 'கிரைண்ட்'. பொருத்தமான பெயர்தான். ஆட்டுக்கல் போல அதே வட்டம், அதே சத்தம்.

இந்தச் சலிப்பைக் குறைக்க ஆட்கள் பிடித்த வழிகள் மூன்று. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது.

மேக்ரோ என்பது பல கட்டளைகளை ஒரு பொத்தானில் கட்டிவைப்பது. இந்த கேமிலேயே அதற்கு வசதி உண்டு. ஆனால் ஒரு அழுத்தத்துக்கு ஒரு முக்கியச் செயல்தான் நடக்கும் என்பது கணக்கு. மல்ட்டிபாக்ஸிங் என்பது ஒரே ஆள் ஐந்து கணக்குக்கு ஐந்து சந்தா கட்டி, ஐந்து பாத்திரங்களையும் ஒரே நேரத்தில் நடத்துவது. ஒரு மென்பொருள் உங்கள் ஒரு விசை அழுத்தத்தை ஐந்து திரைக்கும் பரப்பும். ஆனால் கீபோர்டு முன்னால் மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பதால் இதை நிறுவனம் பல வருடம் அனுமதித்தது. மூன்றாவது பாட். இதில் ஆளே வேண்டாம். ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

2005 மார்ச் முதல் கோடை வரை: தனக்காக எழுதியது கடைக்குப் போகிறது

நிரலாளரும் அந்த கேமை ஆடுகிறவர்தான். 2005 மார்ச்சில் தன் சொந்த உபயோகத்துக்கு கிளைடரை எழுதினார். எந்தப் பாதையில் நடக்க வேண்டும், எதை அடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டால், ஆரம்ப லெவல்களை அது தானாகவே ஆடிக் கடக்கும்.

அந்த வருடக் கோடையில் ஒரு நிறுவனத்தின் பெயரில் அதை விற்கத் தொடங்கினார். உரிமம் ஒன்றுக்கு 15 முதல் 25 டாலர். விற்பதற்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது: உட்கார்ந்து விதிகளைப் படித்தார். 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை நாமெல்லாம் எப்படி அழுத்துகிறோம் என்று யோசித்தால் இது சின்ன விஷயம் இல்லை. பயனர் உரிம ஒப்பந்தத்தையும், கேமையும் சர்வரையும் திரிக்கக்கூடாது என்ற கொள்கை ஆவணத்தையும் படித்துப் பார்த்து, பாட்களுக்கு இவற்றில் தடை இல்லை என்ற முடிவுக்கு வந்தார்.

அவர் படித்தது அந்த இரண்டையும். பின்னாளில் வழக்கின் மையமாக வந்ததோ 'பயன்பாட்டு விதிகள்' என்ற இன்னொரு ஆவணம். அதில் பாட் என்ற சொல் வெளிப்படையாகவே இருந்தது. ஒரு நிறுவனம் தன் விதிகளை மூன்று ஆவணங்களில் சிதறவிட்டால் இப்படித்தான் ஆகும். ஆனால் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு 'இதை விற்கலாமா' என்று கேட்டிருந்தால் பதில் என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவும் வேண்டாம்.

இந்தக் கட்டம் வரை நான் அவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

2005 செப்டம்பர்: வார்டன்

செப்டம்பரில் பிளிஸார்ட் நிறுவனம் வார்டன் என்ற காவல் நிரலை இறக்கியது. அது இரண்டு பகுதியாக வேலை செய்தது. ஒரு பகுதி, நீங்கள் சர்வருக்குள் நுழைவதற்கு முன்னால் உங்கள் கணினியின் ரேமைத் துழாவிப் பார்க்கும். இன்னொரு பகுதி, நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவ்வப்போது நினைவகத்தின் சில துண்டுகளை அனுப்பச் சொல்லிக் கேட்டு, அறியப்பட்ட பாட்களின் சாயல் இருக்கிறதா என்று ஒப்பிடும். இருந்தால் வெளியே தள்ளிவிடும்.

கிளைடர் உடனே சிக்கியது. அதை வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோரின் கணக்குகள் அந்த முதல் அலையிலேயே போயின.

வார்டன் மீதும் நியாயமான எதிர்ப்பு எழுந்தது. மற்ற நிரல்களின் சாளரத் தலைப்புகளைக்கூட அது படிக்கிறது என்று அந்த வருட அக்டோபரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் பிரித்துக் காட்டினார். டிஜிட்டல் உரிமைகளுக்கான எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் அமைப்பு இதை உளவு மென்பொருள் என்றே அழைத்தது. வேடிக்கை என்னவென்றால், அதே மாதக் கடைசியில் சோனி பிஎம்ஜி தன் இசை சிடிக்களில் ரகசியமாக வைத்திருந்த ரூட்கிட் அம்பலமானது. குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது கணினியின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். வார்டனிடமிருந்து தங்கள் நிரல்களை ஒளிக்க அந்த சிடியையே சில ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு நிறுவனத்தின் பூட்டை உடைக்க இன்னொரு நிறுவனத்தின் பூட்டே கள்ளச்சாவி ஆனது.

திருப்புமுனை: ஒளிவது என்ற முடிவு

இந்த ஆய்வில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இதுதான்.

முதல் அலைத் தடைக்குப் பிறகு நிரலாளர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. விற்பனையை நிறுத்தலாம். நிறுவனத்தோடு பேசிப் பார்க்கலாம், அல்லது 'இதில் என்ன தப்பு' என்று அப்போதே நீதிமன்றத்தைக் கேட்கலாம். மூன்றாவது, வார்டனின் கண்ணில் படாதபடி கிளைடரை மாற்றி எழுதலாம். அவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்.

மாற்றி எழுதியதோடு நிற்கவில்லை, அதையே விளம்பரமும் செய்தார். இணையதளத்தின் கேள்வி-பதில் பகுதியில் கண்டுபிடிப்பிலிருந்து தப்பும் வசதிகள் பெருமையாக இடம்பெற்றன. 'கிளைடர் எலைட்' என்று ஒரு மாதச் சந்தா வந்தது: ஐந்து டாலர் கட்டினால் காவல் நிரல்களிடமிருந்து கூடுதல் பாதுகாப்பு. அதே சமயம், கிளைடரைப் பயன்படுத்துவது பிளிஸார்டின் விதிகளை மீறுவதாகும் என்ற எச்சரிக்கையும் அதே தளத்தில் ஏறியது. 2005 நவம்பரில் ஒரு மின்னஞ்சல் பேட்டியில், கண்டுபிடிக்கப்படாமல் தப்புவது தனக்கு உற்சாகமாக இருப்பதாகவும், நிறுவனம் பாட்களே கூடாது என்பதால் அவற்றைப் பயன்படுத்துவது விதிமீறல்தான் என்றும் அவரே எழுதினார்.

ஆக 2005 கோடையில் 'தடை இருப்பதாகத் தெரியவில்லை' என்றவர், அந்த வருட முடிவுக்குள் 'தடை இருப்பது தெரியும்' என்று எழுத்திலேயே பதிவுசெய்துவிட்டார். பிற்பாடு நீதிமன்றத்தில் இது அப்படியே எடுத்து வைக்கப்பட்டது.

ஏன் அப்படிச் செய்தார்? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. நிரல் எழுதுகிற யாருக்கும் இந்தப் போதை தெரியும். எதிராளி ஒரு பூட்டுப் போடுகிறான், நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து திறக்கிறீர்கள், அவன் வேறு பூட்டுப் போடுகிறான். இந்த ஆட்டம் அந்த கேமைவிடச் சுவாரசியமானது. ஆனால் அதில் கணக்கும் இருந்தது. பிளிஸார்டின் ஆட்களும் நேரமும் ஓர் அளவுக்கு உட்பட்டவை. கிளைடரைத் தேடுவதற்கு ஆகும் செலவு அதனால் வரும் பலனைவிட அதிகமாகும்படி செய்துவிட்டால் அவர்கள் விட்டுவிடுவார்கள் என்பதே தன் உத்தி என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வியாபாரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். எதிராளிக்கு வக்கீல்களும் உண்டு என்பது மட்டும் அந்தக் கணக்கில் விட்டுப்போயிற்று.

உத்தி பலித்தது. மாற்றங்களுக்குப் பிறகு வார்டன் கிளைடரை எப்போதாவதுதான் பிடித்தது. 2008 செப்டம்பர் நிலவரப்படி 1,20,000 உரிமங்கள் விற்று, 35 லட்சம் டாலர் மொத்த வருமானம் வந்திருந்தது.

மறுபக்கம் என்ன பார்த்தது

நிறுவனத்தின் பக்கம் இதே காலம் எப்படித் தெரிந்தது? 2004 டிசம்பரிலிருந்து 2008 மார்ச் வரை பாட்கள் பற்றி 4,65,000 புகார்கள் வந்ததாக பிளிஸார்ட் சொன்னது. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 380. அவற்றில் சில ஆயிரம் புகார்கள் கிளைடரைப் பெயர் சொல்லியே வந்தவை. இந்தப் புகார்களுக்குப் பதில் சொல்ல மட்டும் வருடத்துக்கு 9,40,000 டாலர் செலவு என்றார்கள். இந்த கேமில் முதன்மையாகப் புழங்கிய பாட் கிளைடர்தான் என்பதை இரு தரப்புமே ஒப்புக்கொண்டன.

புகார் சொன்னவர்களின் எரிச்சல் நிஜமானது. நீங்கள் தேடி வந்த ஓநாயை ஒரு பாத்திரம் வந்து அடிக்கிறது. பேசினால் பதில் இல்லை. ஒரே தடத்தில் செக்கு மாடு மாதிரி சுற்றுகிறது. அது குவிக்கும் தங்கம் சந்தைக்கு வந்து விலைவாசியைப் புரட்டுகிறது. நீங்கள் இரண்டு மாதம் உழைத்து வாங்கிய பொருளுக்கு மதிப்பில்லாமல் போகிறது.

நிறுவனத்துக்கு வேறு கவலையும் இருந்தது. சந்தாதான் வருமானம். கிளைடர் வைத்திருப்பவர் கையால் ஆடுகிறவரைவிடக் குறைந்த வாரங்களிலேயே உச்ச லெவலுக்குப் போய்விடுகிறார் என்றால், அத்தனை மாதச் சந்தா நஷ்டம். இதையும் நீதிமன்றத்தில் வைத்தார்கள். ஆட்டத்தின் நேர்மை, சந்தா இரண்டில் எது பெரிய காரணம் என்று என்னைக் கேட்டால், எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம்.

தடைகள் அலை அலையாக வந்தன. 2006 மே மாதத்தில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை மூடி, 3 கோடிக்கும் மேற்பட்ட தங்கக் காசுகளைப் புழக்கத்திலிருந்து நீக்கியதாக நிறுவனம் அறிவித்தது. இது எல்லாப் பாட்களுக்கும் தங்க வியாபாரிகளுக்கும் சேர்த்து. ஒவ்வொருவராகப் பிடிக்காமல் மொத்தமாகப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. இன்று பிடிபட்டவரை இன்றே தடைசெய்தால், தன் நிரலில் எந்த வரி காட்டிக்கொடுத்தது என்று எழுதியவர் நாளைக்கே கண்டுபிடித்துவிடுவார். குறித்து வைத்துக்கொண்டு ஒரே நாளில் எல்லோரையும் தூக்கினால் அந்தத் தடயம் கலங்கிவிடும். இதில் கஷ்டம் என்னவென்றால், எந்த நாளில் என்ன செய்ததற்குத் தண்டனை என்பது தடைபட்டவருக்கும் தெரியாது. தவறாகச் சிக்கியவருக்கு அதை மறுக்கவும் வழியில்லை.

தடையில்லாத இன்னொரு வழியையும் நிறுவனம் கையாண்டது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2006 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில், எந்த மந்திரத்தை யார் மேல் போடுவது என்று ஆட்-ஆன்கள் (ஆட்டக்காரர்கள் கேமோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) தாமாக முடிவெடுக்க முடியாதபடி கேமின் உள்ளேயே பூட்டுப் போட்டார்கள். அதுவரை சில ஆட்-ஆன்கள் ஒரே பொத்தானில் குழுவில் யாருக்கு நோய் என்று தேடி, மருந்தும் போட்டுவிடும். அதற்காக யாரையும் தண்டிக்கவில்லை, வசதியை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் புலம்பல், அப்புறம் பழகிவிட்டது.

2006 முதல் 2009 வரை: வழக்கு

2006 அக்டோபரில் நிறுவனம் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. முந்திக்கொண்டது நிரலாளரின் தரப்புதான்: கிளைடர் யாருடைய காப்புரிமையையும் (காப்பிரைட்டையும்) மீறவில்லை என்று அறிவிக்கக் கோரி அரிசோனா மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2007 பிப்ரவரியில் பிளிஸார்ட் எதிர் வழக்குப் போட்டது.

பிளிஸார்டின் வாதம் கொஞ்சம் சுற்றி வரும், ஆனால் புரிந்துகொள்ள வேண்டியது. கேமை இயக்கினால் அது கணினியின் ரேமில் ஏறுகிறது. ரேமில் ஏறுவது ஒரு நகல். அந்த நகலை எடுக்க உங்களுக்கு உரிமை தருவது உரிமம் மட்டுமே. உரிமம் பாட் கூடாது என்கிறது. ஆகவே பாட் போட்டு ஆடும் ஒவ்வொரு நொடியும் நீங்கள் காப்புரிமையை மீறுகிறீர்கள், அதற்குத் துணைபோனவர் நிரலாளர்.

2008 ஜூலையில் மாவட்ட நீதிமன்றம் இதை ஏற்றது. ஆட்டக்காரர்களுக்கும் நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தத்தில் நிரலாளர் தலையிட்டார் என்றும் சொன்னது. செப்டம்பரில் இரு தரப்பும் 60 லட்சம் டாலர் என்ற தொகைக்கு ஒத்துக்கொண்டன. 2009 ஜனவரியில் நடந்த விசாரணையில், வார்டனைச் சுற்றிப்போனது, டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பதைத் தடுக்கும் டிஎம்சிஏ என்ற காப்புரிமைச் சட்டத்தையும் மீறியது என்று முடிவானது. நிரலாளர் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பு என்றது நீதிமன்றம். கம்பெனி பெயரில் செய்தால் கம்பெனிக்குத்தான் ஆபத்து என்று நம்புகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம். 2009 ஏப்ரல் 1 அன்று 65 லட்சம் டாலருக்குத் தீர்ப்பு, நிரந்தரத் தடையாணை. கிளைடர் கடையை மூடியது. சம்பாதித்தது மொத்தமே 35 லட்சம்.

2010 டிசம்பர் 14: மேல்முறையீட்டில் தலைகீழ், ஆனால் முழுசாக இல்லை

ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பில்தான் இந்த நிகழ்வின் சாரம் இருக்கிறது.

முதலில், ஆட்டக்காரர் தன்னிடமுள்ள கேமின் நகலுக்குச் சொந்தக்காரர் இல்லை, உரிமம் பெற்றவர் மட்டுமே என்றது. காசு கொடுத்து டிஸ்க் வாங்கினாலும் இதேதான். ஆனால் அடுத்த படியில் மாவட்ட நீதிமன்றத்தோடு முரண்பட்டது. பாட் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை அல்ல, ஆட்டக்காரர் கொடுத்த வாக்குறுதி மட்டுமே. வாக்கு மீறினால் ஒப்பந்த மீறல், அதற்குக் கணக்கைப் பறிக்கலாம். காப்புரிமை மீறல் ஆகாது. ஏனென்றால் பாட் ஓட்டுகிறவர் கேமைக் கூடுதலாக நகலெடுக்கவும் இல்லை, மாற்றி எழுதவும் இல்லை. இப்படிப் பிரிக்காவிட்டால் எந்த மென்பொருள் நிறுவனமும் தனக்குப் பிடிக்காத எந்த நடத்தையையும் காப்புரிமைக் குற்றம் என்று அறிவித்துவிடலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது. அரட்டையில் கெட்ட வார்த்தை பேசினால்கூட காப்புரிமை வழக்கு என்று ஆகியிருக்கும். அந்தக் கதவை மூடியதற்காக, கிளைடரைத் தொட்டே பார்க்காத நாமும் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம்.

அப்படியானால் நிரலாளர் ஜெயித்தாரா? இல்லை. டிஎம்சிஏ மிச்சமிருந்தது.

இங்கே நீதிமன்றம் கேமை மூன்று அடுக்காகப் பிரித்தது. உங்கள் வன்வட்டில் கிடக்கும் நிரல் ஒன்று. ஓர் அரக்கனின் படம், அவன் உறுமல் என்று தனித்தனியாக இருக்கும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்சி-ஒலித் துண்டுகள் இன்னொன்று. இவை இரண்டையும் வார்டன் காக்கவில்லை. சர்வருக்கே போகாமல் உங்கள் கணினியிலேயே அவற்றைத் திறந்து பார்க்கலாம். மூன்றாவது, அந்த உலகத்துக்குள் நடந்து போகும் நேரடி அனுபவம். சர்வரோடு இணைந்தால்தான் அது கிடைக்கும், அதன் வாசலில் நிற்பது வார்டன். அந்த வாசற்காவலனை ஏமாற்றுவதற்கான கருவியை விற்றது டிஎம்சிஏ மீறல் என்று நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒப்பந்தத்தில் தலையிட்டாரா என்ற கேள்வியை மறுவிசாரணைக்குக் கீழே அனுப்பியது. மற்றதெல்லாம் ரத்து.

இதைக் காலவரிசையோடு பொருத்திப் பாருங்கள். கேமை ஒரு நிரல் தானாக ஆடியது காப்புரிமைக் குற்றமாக நிற்கவில்லை. மேல் நீதிமன்றத்திலும் அசையாமல் நின்றது ஒன்றே ஒன்று: 2005 செப்டம்பருக்குப் பிறகு எடுத்த, வார்டனிடமிருந்து ஒளியும் முடிவு. எந்த வசதிக்காக மாதம் ஐந்து டாலர் வாங்கினாரோ அதுவே சிக்கவைத்தது.

பின்னால் வந்தவை

பாட்கள் நிற்கவில்லை. ஜெர்மனியின் ஒரு நிறுவனம் ஹானர்படி என்ற அடுத்த பாட் மூலம் அதே வியாபாரத்தைச் செய்தது. 2015 மே மாதத்தில் பிளிஸார்ட் பெரிய அளவில் கணக்குகளை முடக்கியது. இந்த முறை நிரந்தரத் தடை இல்லை, ஆறு மாதம். 2017-இல் கலிஃபோர்னிய நீதிமன்றம் அந்த ஜெர்மன் நிறுவனத்துக்கு எதிராக 85 லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பளித்தது. அந்த வருடக் கடைசியில் ஹானர்படி மூடப்பட்டது.

மல்ட்டிபாக்ஸிங் கதை வேறு விதமாகப் போனது. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் தன் 'ஈவ் ஆன்லைன்' கேமில், ஒரு விசையைப் பல கணக்குகளுக்குப் பரப்புவதை 2015 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. அறிவிப்பு முந்தைய நவம்பரிலேயே வந்துவிட்டது. பல கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் இயக்க வேண்டும். பிளிஸார்ட் இன்னும் ஏறக்குறைய ஆறு வருடம் பொறுத்து, 2020 நவம்பரில் அதே இடத்துக்கு வந்தது. ஒளிந்து செய்யாமல், நிறுவனம் சரி என்று சொன்னதை நம்பி ஐந்து சந்தா கட்டியவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் முறை சரியாக இருந்தது: முதலில் அறிவிப்பு, பிடிபட்டவர்களுக்கு எச்சரிக்கை, அதற்குப் பிறகும் தொடர்ந்தால்தான் நடவடிக்கை.

எதை மாற்றியிருக்கலாம்

நிரலாளரின் இடத்தில் நான் இருந்திருந்தால் கிளைடரை எழுதியிருப்பேன், அதை மறுக்கமாட்டேன். விற்பனையைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வார்டன் வந்த வாரத்தில் நிறுத்தியிருப்பேன் என்றே நினைக்கிறேன். வழக்குப் போடும் தைரியம் 2006-இல் வந்தது. 2005 செப்டம்பரிலேயே வந்திருந்தால், ஒளிக்கும் வசதி சேர்க்காத வெறும் கிளைடரோடு நீதிமன்றத்துக்குப் போயிருப்பார். மேல் நீதிமன்றத்தின் காரணங்களைப் பார்த்தால், அந்தக் கிளைடர் காப்புரிமைக் கேள்வியில் தப்பியிருக்கும், டிஎம்சிஏ கேள்வி எழுந்தே இருக்காது. ஒப்பந்தத் தலையீடு என்ற குற்றச்சாட்டு மட்டும் மிஞ்சியிருக்கும்.

பயனர்களில் பலர் தவறவிட்ட விஷயம், அந்த எச்சரிக்கை வரி. 'இது விதிமீறல்' என்று விற்பவரே எழுதியிருந்தார். கணக்கு போனால் போகட்டும் என்று தெரிந்து எடுத்த ரிஸ்க் அது. பிற்பாடு 'எனக்குத் தெரியாது' என்றால் எடுபடாது.

நிறுவனம் மாற்றியிருக்க வேண்டியது இரண்டு. விதிகளை ஒரே இடத்தில், முதல் நாளிலிருந்தே, பாட் என்றால் பாட் என்று எழுதியிருக்க வேண்டும். தானியங்கித் தடைக்கு எதிராக மனிதர் ஒருவர் படிக்கும் மேல்முறையீட்டு வழியும் வேண்டும். இதை வெறும் ஆசையாகச் சொல்லவில்லை. 2010 ஜூலையில் வால்வ் நிறுவனத்தின் காவல் நிரல், 'மாடர்ன் வார்ஃபேர் 2' ஆடிய ஏறக்குறைய 12,000 பேரைத் தவறாகத் தடைசெய்தது. அப்டேட் ஆகும் நேரத்தில் வட்டில் இருந்த ஒரு டிஎல்எல் கோப்பும் (நிரல்கள் ஓடும்போது பயன்படுத்தும் துணைக் கோப்பு) நினைவகத்தில் இருந்த அதன் பிரதியும் ஒத்துப்போகவில்லை. நிரல் அதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. நிறுவனம் தடைகளை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு ஒரு 'லெஃப்ட் 4 டெட் 2' கேமும், நண்பருக்குக் கொடுக்க இன்னொன்றும் தந்தது. அந்த 12,000 பேரும் முதல் சில நாட்கள் சொல்லியிருக்கக் கூடியது, இந்த ஆய்வின் முதல் பத்தியில் உள்ள அதே வாக்கியம்தான். அவர்கள் விஷயத்தில் அது உண்மை.